அரைப்பேணித் தண்ணி

போன மார்கழி விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு லீற்றர் சோடாப் போத்தல் இருந்தது. காலையில் தண்ணி நிரப்பினால் இரவுவரைக்கும் அதுதான். தேத்தண்ணி குடித்தால் அந்த அளவை அதிலிருந்து ஊற்றிவிட வேண்டும். "இருதயம் பலவீனம், சுவாசப்பைக்குள்ள தண்ணி கட்டுது" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா போத்தலில் பேனையால் கோடுகள் கீறி வைத்திருந்தா.

ஓரிரவு பத்து மணிக்குப் போத்தல் காலி. அம்மா நித்திரை. "பிள்ளை, நாக்கு ஒட்டுது. ஒரு வாய் தாவன்" என்று அம்மம்மா கேட்டா. நான் அரைப்பேணி கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

விடியப்புறம் அம்மம்மாவுக்குப் படுக்க முடியாமல் மூச்சு முட்டியது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். ஒட்சிசன் வைத்து, ஊசி போட்ட பிறகு டொக்டரிடம் கேட்டேன்: "எவ்வளவு தண்ணி இருக்கு டொக்டர்?" அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த வெள்ளையா இருக்கிறதெல்லாம் அதுதான். இஞ்ச வைச்சு அளந்து சொல்லேலாது."

உண்மையில் நான் கேட்க நினைத்தது வேறு. அதில் என்ர அரைப்பேணி எவ்வளவு?

சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்தைக் கைவிட்ட கலைப்பீடக்காரி நான். ஆனாலும் வாட் வாசலில் இருந்தபடி போனில் தேடித் தேடி வாசித்தேன். சுவாசப்பையைச் சுற்றிச் சேரும் தண்ணியை ஊசி போட்டு எடுத்து அளக்கலாம். அம்மம்மாவுக்கு இருந்தது அதில்லை. குருதிக் குழாய்களுக்கும் காற்றறைகளுக்கும் நடுவில், ஈரச்சுவர் மாதிரி ஊறிக் கிடக்கிற தண்ணி. அதை வடித்தெடுக்க முடியாது. அதனால் உள்ளே ஆள் அனுப்பித்தான் அளக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் சுவடுகாட்டி.

ஒரே இடத்திலிருந்து இரண்டு நண்பர்கள் சைக்கிளில் வெளிக்கிடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் பெரிய றோட்டால் நேரே போகிறான். மற்றவன் வழியிலுள்ள ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும் போய்ப் போய் வருகிறான். சந்தியில் நிற்கிற நீங்கள் ஒழுங்கைகளைப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டாமவன் எவ்வளவு பிந்தி வருகிறான் என்பதை வைத்து, ஒழுங்கைகள் எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

1954இல் சினார்ட், என்ஸ் என்ற இருவர் நாய்களில் செய்து காட்டியது இதைத்தான். குழாயை விட்டு வெளியேறாத ஒரு நிறத்தையும், சுவருக்குள் ஊறிப் போய் வரக்கூடிய அடையாளமிட்ட நீரையும் ஒன்றாகச் செலுத்தினார்கள். பிறகு வந்தவர்கள் அடையாளமிட்ட நீருக்குப் பதிலாகக் குளிரையே பயன்படுத்தினார்கள். குளிரும் சுவருக்குள் பரவும். கணக்கு லேசு: இருதயம் நிமிடத்துக்கு 5 லீற்றர் குருதியை அனுப்புகிறது, இரண்டாவது சுவடுகாட்டி சராசரியாக 6 செக்கன் பிந்துகிறது என்றால், வெளியே இருக்கிற தண்ணி 500 மில்லிலீற்றர். இப்போது சில தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நிறமே இல்லாமல், குளிர்ந்த சேலைனைக் கழுத்து நாளத்தில் செலுத்தி, தொடை நாடியில் வெப்பநிலையைப் பார்த்துக் கணிக்கிறார்கள். கிலோவுக்கு 7 மில்லிலீற்றர் அளவில் இருந்தால் பயமில்லை. 10ஐத் தாண்டினால் கவனம். 50 கிலோ ஆளுக்கு 350, 500 என்று வரும். மூச்சுக்கும் மூச்சுத்திணறலுக்கும் நடுவில் ஒரு பேணித் தண்ணிதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. குருதி போகாத பகுதிக்குச் சுவடுகாட்டியும் போகாது. அங்கே தேங்கியிருப்பது கணக்கில் வராது. போகாத ஒழுங்கையை எண்ண முடியாது, அவ்வளவுதான்.

என்ர கேள்விக்கு விடை இன்னொருவரிடம் இருந்தது. சுவடுகாட்டி முறைக்காக 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் டி ஹெவெசி. 1934இல் அவரும் ஹோபர் என்பவரும் பார நீரைப் பயன்படுத்தி, குடித்த தண்ணி உடம்பில் எவ்வளவு காலம் தங்குகிறது என்று பார்த்தார்கள். சராசரியாகக் கிட்டத்தட்ட 13 நாள். குடிப்பது உடம்பிலுள்ள முழுத் தண்ணியோடும் கலந்துவிடுகிறது. நான் கொடுத்ததில் எந்த அடையாளமும் இருக்கவில்லை. ஆகவே அது எங்கே போனது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சுவாசப்பைக்குள் தண்ணியைத் தள்ளியது தொண்டை இல்லை, இருதயத்தின் இடப்பக்கத்தில் ஏறிய அமுக்கம். அந்த அமுக்கத்துக்குப் பின்னால் பல நாள் தண்ணியும் உப்பும் இருக்கும். இது எனக்கு விடுதலை இல்லை. ஆனால் குற்றத்துக்கு ஒரு அளவு கிடைத்தது.

அம்மம்மா நாலாம் நாள் வீட்டுக்கு வந்தா. ஒவ்வொரு நாளும் காலையில் நிறை பார்க்கச் சொன்னார்கள். ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வர வேண்டும். சுவடுகாட்டி தேவையில்லை, ஒரு தராசு போதும். நான் கொப்பியில் நிறையை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அண்டைக்கு இரவு நான் அரைப்பேணி தண்ணி குடுத்தனான்."

அம்மா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

"அண்டைக்கு மத்தியானம் அவ ஆசைப்பட்டாவெண்டு கருவாட்டுக் குழம்பு வைச்சது நான்தான்" என்றா.

அம்மம்மா தராசில் நின்றபடி, "இப்ப எவ்வளவு எண்டு சொல்லுங்கோவன், கால் உளையுது" என்றா.