மடவை துள்ளும் இடம்

‘ட்ரவுட்’ என்றதும் நம்மில் பலருக்கு நீலகிரியின் குளிர்ந்த ஓடைகள்தான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக அங்கே கொண்டுவந்து விட்ட மீன் அது. ஆகையால், அமெரிக்காவில் டெக்ஸாஸ் கடற்கரையில் வசிக்கும் என் மாப்பிள்ளை, "மாமா, நாளைக்கு ட்ரவுட் பிடிக்கக் கடலுக்குப் போகலாம்" என்று சொன்னபோது, என்னைப் பரிகாசம் செய்கிறார் என்றே எண்ணினேன்.

பரிகாசம் அல்ல. அங்கே அந்தப் பெயரால் வழங்கும் புள்ளி மீனுக்கும் மலை ஓடை ட்ரவுட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உறவெல்லாம் நம் ஊர்ச் சந்தையில் விற்கும் கத்தாழை மீனோடுதான்! முதுகிலும் வாலிலும் கரும்புள்ளிகள்; மேல் தாடையில் கோரைப் பற்கள். 1995-ஆம் வருஷம் ஃப்ளோரிடாவில் பிடிபட்ட ஒன்று 17 பவுண்டு 7 அவுன்ஸ் இருந்தது.

நாங்கள் சென்ற இடம் பாஃபின் விரிகுடா. பாட்ரே தீவு என்னும் நீண்ட மணல் திட்டு கடலைத் தடுத்து நிற்க, அதன் உட்புறத்தில் லகூனா மாட்ரே என்ற உப்பங்கழி கிடக்கிறது. இந்த விரிகுடா அதன் கிளை. பெரிய நதி எதுவும் இதில் விழுவதில்லை. ஆகவே பல சமயங்களில் இதன் ஜலம் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். முற்காலத்துக் கடற்புழுக்கள் கட்டிவிட்டுப் போன கூடுகள் ஆங்காங்கே பாறைகளாகக் கிடக்கின்றன. படகுக்கு அவை சத்துரு, மீனுக்கு மித்திரன்.

சென்ற மாசி மாதம் ஒரு பிற்பகலில், தொடையளவு நீரில் இறங்கினோம்.

"மாமா, காலைத் தூக்கி வைக்காதீர்கள், தேய்த்துத் தேய்த்து நடங்கள். திருக்கை படுத்திருக்கும். மிதித்தால் முள்ளால் குத்திவிடும்" என்றார் மாப்பிள்ளை.

பிறகு உபதேசம் தொடர்ந்தது. சிறிய மீன்கள் கூட்டமாகத் திரிந்து இறால் தின்னும். பெரியவற்றுக்கோ மடவைதான் முக்கிய ஆகாரம். மடவை துள்ளும் இடத்தை விட்டு நகரக் கூடாது. குளிர்காலத்தில் கருஞ்சேறு வெயிலின் சூட்டை விரைவில் வாங்கிக்கொள்வதால், பெரிய மீன்கள் ஆழத்தை விட்டு அங்கே வந்து சேரும். நீரின்மேல் எண்ணெய்ப் பளபளப்பும் தர்ப்பூசணி வாசனையும் தோன்றினால், அடியில் விருந்து நடக்கிறது என்று அர்த்தமாம். மடவை போன்ற பொய் மீனைத் தூண்டிலில் கட்டி மிகமிக மெதுவாக இழுக்க வேண்டும். குளிரில் மீனுக்கும் சோம்பல் உண்டு. வாய் மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும்.

இரண்டு மணி நேரம் நின்றேன். கால் மரத்துப் போயிற்று. ‘இந்தப் பொறுமை இருந்திருந்தால் வீட்டில் எத்தனை சண்டைகளைத் தவிர்த்திருக்கலாம்!’ என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, கோல் வளைந்தது.

அளந்தபோது 28 அங்குலம்! வீட்டில் என் பெண் புளி கரைத்து வைத்துக் காத்திருப்பது என் மனக்கண்முன் வந்தது. மாப்பிள்ளையோ கையை நனைத்துக்கொண்டு, முள்ளை மெல்லக் கழற்றி, மீனை நீருக்குள் தாங்கிப் பிடித்தார். அது வாலை அசைத்ததும் விட்டுவிட்டார்.

எனக்குக் கோபம் பொங்கி வந்தது. "பிடித்தது நான் அல்லவா?" என்றேன்.

"மன்னியுங்கள் மாமா. இவ்வளவு பெரியது என்றால் அநேகமாகப் பெண்தான். ஆண் இந்த அளவு வளருவது அபூர்வம். வசந்தம் முதல் கோடை முடியும்வரை இது பல தடவை முட்டையிடும்" என்றார். சற்றுத் தயங்கி, "2021-ஆம் வருஷம் பிப்ரவரியில் கடுங்குளிர் வந்ததே, அப்போது இதே கரையில் நின்றேன். பார்த்த இடமெல்லாம் செத்த மீன். டெக்ஸாஸ் கரையில் மட்டும் 38 லட்சத்துக்குக் குறையாது என்று கணக்கிட்டார்கள். மறுபடி மடவை துள்ளுவதைப் பார்த்தபோது அழுதுவிட்டேன்" என்றார்.

நான் பேசவில்லை. என் கையில் துடித்தது, அந்தக் குளிரில் பிழைத்தவளோ, பிழைத்தவளின் மகளோ, யார் கண்டார்கள்?

வீட்டு வாசலில், "மீன் எங்கே, அப்பா?" என்று பெண் கேட்டாள்.

"சௌக்கியமாய் இருக்கிறது, அம்மா" என்றேன்.

அன்றிரவு கத்தரிக்காய்க் குழம்பு. அதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை.