எங்கே வலிக்கிறது?

விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிற எழுத்தாளனைப் பற்றி வாசகர்களுக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. கற்பனை வந்து எழுப்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். என்னை எழுப்பியது என் வலது இடுப்பு.

முதல் தடவை அது வந்தது போன வருஷம் மாசியில். பத்து நாள் இருந்துவிட்டுப் போயிற்று. ஆடியில் மறுபடியும் வந்தது. கார்த்திகையில் மூன்றாம் தடவையாக வந்தபோது, அது திரும்பிப் போகிற உத்தேசத்தோடு வரவில்லை என்று தெரிந்தது. சிநேகிதர் ஒருவர் வாயு என்று சொல்லிப் பூண்டு தின்னச் சொன்னார். இன்னொருவர், உட்கார்ந்து எழுதுவதுதான் காரணம், ஹெமிங்வே நின்றபடியே எழுதினார் என்றார். நானும் நின்று பார்த்தேன். வலி ஜாஸ்தியாயிற்று, நாவல் ஒரு வரிகூட நகரவில்லை.

கடைசியில் டாக்டரிடம் போனேன்.

"எங்கே வலிக்கிறது?"

"இடுப்பில்."

"இடுப்பு பெரிய ஊர், ஸார். எந்தத் தெரு என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்."

நான் உள்ளங்கையை அகல விரித்து வைத்தேன். இருபது வருஷமாக வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவன், அந்த இடத்துக்கு ஒரு வார்த்தை இல்லாமல் விழித்தேன். குடம் வைக்கிற இடமும் இடுப்பு, குழந்தை உட்காருகிற இடமும் இடுப்பு, வேட்டி நிற்கிற இடமும் இடுப்பு. எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்தில் பின்பக்கத்தை மட்டும் 'குறுக்கு' என்று பிரித்துச் சொல்வார்கள். தொடை எலும்பு வந்து சேருகிற மூட்டுக்கென்று நாம் வீட்டில் பேசுகிற பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் பொறுமையாகப் பூகோளம் சொல்லிக் கொடுத்தார். ஆட்டுரலின் குழியில் குழவி உட்கார்ந்திருப்பது போல, தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூட்டே கெட்டிருந்தால் பெரும்பாலும் முன்பக்கம், கவட்டையில் வலிக்கும். சம்மணம் போடவும் கால் நகம் வெட்டவும் முடியாது. பின்பக்கம் புட்டத்தில் தொடங்கிக் கால் வழியே இறங்கினால் முதுகெலும்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கும்போது பக்கவாட்டில் ஒரு எலும்பு முண்டு தரையில் அழுந்துகிறதே, அங்கே வலித்தால் அதில் வந்து பற்றுகிற தசைநாரின் கோளாறாக இருக்கலாம். இதிலெல்லாம் விதிவிலக்கு உண்டு. மூட்டு தேய்ந்திருக்கும், ஆனால் சிலருக்கு வலி முழங்காலில்தான் தெரியும் என்றும் சொன்னார். அப்போது நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. என் வலியைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்பதிலேயே குறியாக இருந்தேன்.

என்னுடையது பக்கவாட்டு முண்டு. அதன்மேல் உள்ள சிறு நீர்ப்பைதான் குற்றவாளி என்று வெகுகாலம் நினைத்திருந்தார்களாம். தசைநார் நைந்துபோவதுதான் அநேகமாகக் காரணம் என்பது இப்போதைய முடிவு. நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் நாம் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அந்தக் கணத்தில் உடம்பு மறுபக்கம் சாயாமல் இழுத்துப் பிடிப்பது புட்டத்தின் பக்கத் தசை. பாரம் எட்டத்திலும் தசை கிட்டத்திலும் இருப்பதால், அது உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பலம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 1895-ல் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிவைத்தது. என்னைக் கண்ணாடி முன்னால் வலது காலில் நிற்கச் சொன்னார்கள். என் இடது இடுப்பு மெல்லத் தாழ்ந்தது. நாற்பத்தாறு வயதில் ஒற்றைக் காலில் ஒழுங்காக நிற்கத் தெரியாதவன் என்று ருசுவாகிவிட்டது.

ஊசி ஒன்று போட்டுவிடுங்களேன் என்று கேட்டேன். போடலாம், ஆனால் இதைக் கேளுங்கள் என்று, 2018-ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியைச் சொன்னார். என்னைப் போன்ற 204 பேர். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நல்ல குணம். ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்குச் சற்று மேல். சும்மா இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும். கூடவே சில விலக்குகள்: வலிக்கிற பக்கம் படுக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பஸ் நிறுத்தத்தில் ஒரு காலில் பாரத்தைப் போட்டு ஒய்யாரமாக நிற்கக் கூடாது. இரவில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை. "இனிமேல் எனக்கென்று ஒரு தலையணை மிஞ்சுமா?" என்று கேட்டாள் என் மனைவி. (கீழே விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலோ, வலியோடு ஜுரம் வந்தாலோ இந்த உபாயங்களை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.)

வலி ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதும் விளங்கிற்று. வலி குறைந்த மறுநாளே நான் பழைய பஸ் நிறுத்தத்தில் பழைய ஒய்யாரத்தில் நின்றேன். தசை அப்படியே சோனியாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம், பயிற்சிக் கூடத்தில் என் முறைக்காகக் காத்திருந்தேன். ஒரு பெரியவர் வலது காலைத் தாங்கித் தாங்கி, வலது கையில் கம்பு ஊன்றி வந்தார். பயிற்சி கொடுக்கிற பெண் கம்பை வாங்கி அவர் இடது கையில் கொடுத்தாள். "தாத்தா, வலி எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்க் கையிலே பிடிக்கணும். எட்டத்திலிருந்து தாங்கினா கொஞ்சம் ஊன்றினாலே இடுப்புக்குப் பாரம் குறையும்." அவர் நாலு எட்டு நடந்தார். தாங்கல் பாதியாகக் குறைந்தது.

எனக்கு உட்கார முடியவில்லை. ஊரில் அம்மாவுக்குக் கம்பு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். நாலு வருஷமாக அதை வலி இருக்கிற கையிலேயே பிடித்திருக்கிறாள். "முட்டுதான்யா கொடையுது" என்பாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தோம், முழங்காலைப் படம் எடுத்தோம், வயசாயிற்று என்றோம். நகம் வெட்டக் குனிய முடியவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டதையும், கோயிலில் தரையில் உட்காருவதை விட்டதையும் கடிதத்துக்குக் கடிதம் தங்கை எழுதியிருந்தாள். அதையெல்லாம் படித்து, அம்மாவைப் போல ஒரு கிழவியை ஒரு கதையில்கூட எழுதியிருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அழைத்து வந்தேன். இடுப்பைப் படம் எடுத்தார்கள். குழிக்கும் உருண்டைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. செயற்கை மூட்டு வைக்கலாம் என்றார் டாக்டர். 1962-ல் இங்கிலாந்தில் சார்ன்லி வகுத்த முறையின் வழி வந்த சிகிச்சைதான். இன்று பெரிய ஊர்களில் சாதாரணமாகச் செய்கிறார்கள்.

அம்மா கம்பை இடது கையில் பிடித்துக் கூடத்தில் இரண்டு நடை நடந்து பார்த்தாள்.

"இதை முதல்லயே யாராவது சொல்லியிருக்கலாமே, எய்யா" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை.

பிறகு டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்காரலாமா? அவர், கொஞ்ச காலத்துக்காவது கூடாது, அப்புறமும் நாற்காலியே நல்லது என்றார்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்தாள். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். காலையில் நான் சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நடக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுகிறாள். பத்துக்கு முன்னால் நிறுத்தினால் விடுவதில்லை.