மதகைக் கேட்டு டென்ட் அடியுங்கள்

ஆற்றோரத்திலோ அணைக்கரையிலோ டென்ட் போட இடம் தேடுகிறவர் முதலில் கேட்பது, தண்ணீர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைத்தான். கூடாரத்தின் வாசலைத் திறந்ததும் ஆறு தெரிய வேண்டும். நாலு எட்டு வைத்தால் கால் நனைய வேண்டும். முகாம் நடத்துகிறவர்களும் அப்படித்தான் படம் போட்டு விற்கிறார்கள். இந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காவிரி போன்ற ஓர் ஆற்றில், கரை எங்கே இருக்கிறது என்பதை அந்த இடத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை சுமார் 800 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு, அணை, கதவணை, மதகு என்று கைமாறிக் கைமாறித்தான் கடலுக்குப் போகிறது. காலையில் பார்த்த கரை மாலையிலும் அங்கேயே இருக்குமா என்பதை, பெரும்பாலான இடங்களில் மேலே எங்கோ ஒரு ஷட்டர் தீர்மானிக்கிறது. கூடாரத்துக்கு இடம் தேர்கிறவர் கண்ணெதிரே கிடக்கும் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன், அதற்கு மேலே உள்ள ஆற்றைப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம். தலையிலிருந்து கடைமடை வரை இறங்கினால், அந்தப் பாடம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதும் புரியும்.

தலைக்காவிரி, குடகின் பிரம்மகிரி மலையில் 1,276 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஆற்றைப் பிடித்துவைக்க மதகு கிடையாது. மழை சொன்னபடி ஆறு கேட்கும். 2018 ஆகஸ்டில் குடகை வெள்ளமும் நிலச்சரிவும் சேர்ந்து உலுக்கின. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரிக்குப் பக்கத்திலேயே பிரம்மகிரிச் சரிவு இடிந்து உயிர்களைப் புதைத்தது. கன்னிகையும் சுஜ்யோதியும் காவிரியோடு கூடும் பாகமண்டலம் தென்மேற்குப் பருவத்தில் தண்ணீரில் நிற்பது ஊராருக்குப் பழகிய செய்தி. மலையாற்றில் வெள்ளம் வர, கூடாரத்தின் மேல் ஒரு துளிகூட விழ வேண்டியதில்லை. இரண்டு மலைக்கு அப்பால் கொட்டிய மழை போதும். அதனால் இங்கே பார்க்க வேண்டியது வானத்தை விட, பழைய வெள்ளம் விட்டுப்போன தடயங்களை. மரக்கிளைகளில் சிக்கிக் காய்ந்திருக்கும் செத்தை எந்த உயரத்தில் தொங்குகிறதோ, அந்த உயரம் வரை ஆறு வந்திருக்கிறது. வயதான மரமே இல்லாமல், உருண்ட கல்லும் மணலுமாகச் சமதளமாகக் கிடக்கும் திட்டு, டென்ட் அடிக்க வசதியாகத்தான் தெரியும். அதைச் சமப்படுத்தியது ஆறு என்பதை மறக்கக்கூடாது. இன்னொன்று குளிர். மார்கழி, தை இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தங்கும். தண்ணீரை ஒட்டிய கூடாரத்தின் உள்துணி விடிவதற்குள் பனியில் நனைந்துவிடும். பத்து மீட்டர் மேலே, மரத்தடியில் போட்ட கூடாரம் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். வெள்ளத்துக்குப் பயந்து மேட்டுக்குப் போகிறவருக்கு நல்ல தூக்கமும் கூடவே கிடைக்கிறது.

குஷால்நகர் பக்கம் வரும்போது ஆறு அகன்று, நடுவே தீவுகள் தோன்றுகின்றன. 64 ஏக்கர் மூங்கில் காடாக இருக்கும் காவேரி நிசர்கதாமாவுக்குத் தொங்கு பாலத்தில் நடந்து போகலாம். சற்று மேலே துபாரே யானை முகாம். பெருவெள்ளம் வந்தால் நிசர்கதாமாவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். இந்த நடைமுறைக்குள் ஒரு பொது விதி இருக்கிறது. தீவில் தங்குகிறவருக்கு ஆபத்து அவர் நிற்கும் தரை மூழ்கும்போது தொடங்குவதில்லை. திரும்பி வரும் வழி மூழ்கும்போதே தொடங்கிவிடுகிறது. வழி பெரும்பாலும் தரையை விடத் தாழ்வானது. இரவில் அது மறைவதை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆற்றின் நடுத்திட்டு பகலில் சோறு கட்டிக்கொண்டு போய் உண்ண ஏற்ற இடம். படுக்க ஏற்ற இடமல்ல. இந்தப் பகுதியில்தான் ஹாரங்கி வந்து காவிரியில் சேர்கிறது. அதன் மேல் ஓர் அணை உண்டு. மழையின் ராஜ்ஜியம் முடிந்து மதகின் ராஜ்ஜியம் தொடங்குவது இங்கே.

அந்த ராஜ்ஜியத்தின் பெரிய வாசல் கிருஷ்ணராஜசாகர். 1911-இல் கட்டத் தொடங்கிய இந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 124.80 அடி. அணைக்குக் கீழே சில கிலோமீட்டரில் ரங்கனதிட்டு. சாலிம் அலியின் யோசனைப்படி 1940-இல் பறவைகள் சரணாலயமான இந்தத் திட்டுகள், அணையில் பெருமளவு தண்ணீர் திறக்கும் நாட்களில் மூழ்கத் தொடங்கும். படகுச் சவாரியும் நின்றுவிடும். அதே பாறைகளில் வெயில் காய்கிற சதுப்பு முதலைகளைப் பார்க்கப் பார்வையாளர்கள் கூடுகிறார்கள். காவிரியில் முதலை இந்த ஓரிடத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை, கீழே மணற்கரையில் விளிம்பை ஒட்டிக் கூடாரம் போடுகிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

சிவசமுத்திரத்துக்குக் கீழே, மேகதாட்டு வரையிலான காட்டுப் பகுதிதான் காவிரியில் முகாம் வாழ்க்கையின் நடுநாயகம். பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்களி ஆகிய இடங்களில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் நடத்திய முகாம்கள், பெருங்கெண்டையைத் தூண்டிலில் பிடிக்க வந்தவர்களால் பெயர் பெற்றவை. மீனுக்கு ஆழமான மடு வேண்டும். ஆகவே முகாமும் மடுவை ஒட்டி அமைந்தது. தூண்டில்காரருக்குச் சரியான அந்தத் தர்க்கம், குழந்தைகளோடு வருகிற இன்றைய குடும்பத்துக்குப் பொருந்தாது. மேலே அமைதியாகத் தெரிகிற மடுவின் அடியில் பாறையிடுக்கும் சுழலும் இருக்கும். இதே பகுதியில் உள்ள முத்தத்தியில் குளிக்க இறங்கியவர்கள் மூழ்கிப்போன செய்தி திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். இருபுறமும் சரணாலயக் காடு. இரவில் யானை தண்ணீருக்கு இறங்கும் தடத்தில் கூடாரம் போட்டால், வழியை மறித்தவர் நாம்தான். யானை லத்தியும் தேய்ந்த சரிவும் உள்ள இடத்தைத் தவிர்ப்பது அடிப்படைப் பாடம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இரவு தங்குவது சட்டப்படி குற்றம் என்பதும் அப்படியே.

இங்கே ஒரு மறுப்பு எழும். அனுமதி பெற்ற முகாமாகப் பார்த்துப் போனால் போதாதா, இதையெல்லாம் நடத்துகிறவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா? பெரும்பாலும் பார்த்துக்கொள்வார். ஆனால் உரிமம் என்பது ஆற்றோடு செய்த ஒப்பந்தம் ஆகாது. ஸ்பெயினின் பியெஸ்காஸ் ஊரில் 1996 ஆகஸ்ட் 7 அன்று, ஒரு மலை ஓடை கொண்டுவந்து கொட்டிய விசிறி வடிவ மண்மேட்டில் இருந்த முகாமைத் திடீர் வெள்ளம் அடித்துப்போனது. 87 பேர் இறந்தார்கள். அது முறையாக நடந்த முகாம்தான். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் ஆல்பர்ட் பைக் முகாமை நடத்தியது அந்நாட்டு வனத்துறையே. 2010 ஜூன் 11 விடியுமுன் லிட்டில் மிசௌரி ஆறு பொங்கி 20 உயிர்களைக் கொண்டுபோனது. இரண்டு இடங்களிலும் கழிப்பறை, வாகன நிறுத்தம், காவலாள் போன்ற வசதிகளை விட, நிலம் எப்படி உருவானது என்ற கேள்வியே உயிரைத் தீர்மானித்தது. உரிமத்தைக் கேட்பது முதல் படி. வெள்ளக்கோடு எங்கே என்று கேட்பது இரண்டாவது படி.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு என்று தீர்ப்பளித்த 177.25 டி.எம்.சி. கணக்கிடப்படுவதும் இங்கேதான். இரண்டு மாநிலங்கள் சண்டையிட்டுச் சண்டையிட்டு உருவாக்கிய இந்தக் கணக்கு, கூடாரம் போடுகிறவருக்கு எதிர்பாராத வரமாகக் கிடைத்திருக்கிறது. கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் எத்தனை கன அடி திறந்தார்கள், ஒகேனக்கல்லுக்கு எத்தனை கன அடி வருகிறது என்பது மழைக்காலத்தில் நாள்தோறும் செய்தியாகிறது. மேலே திறந்த தண்ணீர் ஒகேனக்கல்லை எட்ட நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வீட்டிலிருந்தே பயணத்தைத் தள்ளிப்போடலாம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடுவது இந்த எண்ணைப் பார்த்துத்தான். பரிசல் நிற்கிற நாளில் ஆற்றங்கரைக் கூடாரமும் இருக்கக்கூடாது என்பதை விட எளிய விதி வேறில்லை.

அடுத்து மேட்டூர். 1934-இல் திறக்கப்பட்ட இந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு மட்டம் 120 அடி. ஏரிக்கரை ஆற்றங்கரையை விடப் பாதுகாப்பானது, அலை இல்லை, இழுப்பு இல்லை என்று பலர் நம்புகிறார்கள். நீர்த்தேக்கத்தின் கரை ஏரிக்கரை மாதிரி நிலையானதல்ல. மட்டம் குறைந்தால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். ஒதுங்கிய நிலத்தில் பயிர்கூட வைப்பார்கள். அந்தப் பரந்த வெளி முகாமுக்கே அளந்து விட்டதுபோல் இருக்கும். 2024 ஜூலை நடுவில் 50 அடிக்குக் கீழே இருந்த மட்டம், அந்த மாதம் முடிவதற்குள் 120 அடியைத் தொட்டது. சராசரியாக நாளுக்கு ஐந்து அடி என்று வைத்துக்கொண்டால், ஐம்பது அடிக்கு ஓரடி உயரும் மென்சரிவில் தண்ணீர் விளிம்பு ஒரே நாளில் 250 அடி உள்ளே வரும். சத்தமில்லாமல் வரும். வண்டியை ஓட்டி இறக்கிய ஈரமண் சேறாவதற்கு அவ்வளவு நேரமும் வேண்டாம். ஆகவே நீர்த்தேக்கக் கரையில் முழு மட்டக் கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு மேலே இடம் பார்க்க வேண்டும். பாறையில் வெளுத்த பட்டையும், நிலைத்த மரங்கள் தொடங்குகிற வரிசையும் அந்தக் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் தூரத்தில் இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். முழு மட்டத்தில் தண்ணீர் நிற்கும் இடம் அதுவல்ல.

மேட்டூருக்குக் கீழே பாடம் மறுபடி மாறுகிறது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று மின் உற்பத்திக்கான கதவணைகள் வரிசையாக வருகின்றன. பெரிய அணை நாட்கணக்கில் அவகாசம் தருகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையை எட்ட மூன்று நாள் வரை ஆகும். பக்கத்துக் கதவணை அப்படித் தராது. ஷட்டர் ஏறிய சற்று நேரத்தில் கீழே உள்ள பாறைகள் மறைந்துவிடும். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றின் லார்ஜி அணையிலிருந்து திறந்த தண்ணீர், கீழே பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. ஆறு அதுவரை ஆழமில்லாமல் தெரிந்ததே அவர்களை உள்ளே அழைத்தது. தண்ணீர் குறைவாக இருப்பது பாதுகாப்பின் அடையாளம் அல்ல, மேலே தேக்கிவைத்திருக்கிறார்கள் என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். காவிரியின் கதவணைகளுக்கு மேல்பக்கம், சாதாரண நாட்களில் மட்டம் ஏறக்குறைய நிலையாக நிற்கும். ஒரே கட்டுமானத்தின் இரு பக்கங்களில் ஒன்று தங்க ஏற்றது, மற்றது தவிர்க்க வேண்டியது.

கோடையில் ஆறு வறண்டுதானே கிடக்கிறது, அப்போது மணலில் படுத்தால் என்ன என்பது திருச்சிப் பக்கத்து மறுப்பு. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடத்தின் மணற்பரப்பு நிலா வெளிச்சத்தில் யாரையும் அழைக்கும். ஆனால் கொள்ளிடம் இருப்பதே காவிரியின் மிகைநீரைச் சுமக்கத்தான். அங்கே ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பக்க மதகுகளில் ஒன்பது, 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் உடைந்து போயின. கோடையில் வெள்ளம் அரிது என்பது உண்மை. அப்போதும் மணல் அள்ளிய குழிகளும் ஓரங்களில் முதலையும் இருக்கின்றன. கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து வாய்க்கால்களாகக் கரைகிறது. அங்கே கரையோரப் படுகை என்பது யாரோ ஒருவரின் வாழைத்தோட்டம். டெல்டாவில் இடத்தின் முதல் நிபந்தனை நில உரிமையாளரின் சம்மதம். பூம்புகாரில் மெலிந்து கடலில் சேரும் ஆற்றின் முகத்துவாரத்தில் வேலியேற்றமும் காற்றும் கரையை மாற்றிக்கொண்டே இருக்கும். கூடாரம் தங்க ஏற்ற நிலம் அதுவல்ல.

இத்தனை கணக்குப் பார்த்தால் ஆற்றோரத் தங்கலின் சுகமே போய்விடுமே என்பது கடைசி மறுப்பு, கனமானதும் இதுவே. தண்ணீரிலிருந்து 200 அடியாவது தள்ளிக் கூடாரம் போட வேண்டும் என்பது அமெரிக்கக் காட்டு முகாம்களில் பரவலாகச் சொல்லப்படும் விதி. அந்த இடைவெளி விலங்குகளுக்கு வழி விடுகிறது. சோப்பும் எச்சிலும் கழிவும் நேரே ஆற்றில் இறங்காமல் தடுக்கிறது. பெங்களூரும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் குடிப்பது இதே ஆற்றை. மேட்டிலிருந்து பார்க்கும்போது வளைவும் எதிர்க்கரையும் சேர்ந்து தெரியும். விளிம்பில் உட்கார்ந்தவருக்குத் தெரிவது எதிரே ஓடும் ஒரு பட்டை தண்ணீர் மட்டும். பகலில் இறங்கி நனையலாம், இரவில் ஏறி உறங்கலாம். சுகத்தில் குறைவது அந்த நாலு எட்டு நடை மட்டுமே.

மேலே என்ன மதகு இருக்கிறது, அது திறந்தால் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் வரும், பெருவெள்ளம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, இருட்டில் எந்த வழியே மேட்டுக்கு ஏறலாம்: கூடாரத்துக்குப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை இந்த நான்கும். பதில் சொல்லத் தேவையான கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. பாசனத்துக்காக அரசு தினமும் வெளியிடுகிறது. அன்றைய திறப்பை எழுத ஒரு பலகை, வெள்ளக்கோட்டைக் காட்ட ஒரு மரத்தில் வண்ணப் பட்டை. ஆற்றோர முகாம் ஒவ்வொன்றுக்கும் இவற்றைக் கட்டாயமாக்கினால் இரு மாநிலச் சுற்றுலாத் துறைகளுக்கும் செலவு பெரிதாக இராது. அதுவரை அந்த வேலையைத் தங்கப் போகிறவரே செய்தாக வேண்டும். நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லத் தெரியாத முகாமை, அதன் வாசலிலிருந்து ஆறு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.