இஸ்தோப்பு என்றே எழுதலாம் மகன்



தரம் 8 பிள்ளைகளுக்கு ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை கொடுத்திருந்தேன். கொப்பிகளில் பாதிக்கு மேல் வரவேற்பறை, பூந்தோட்டம், மாடிப்படி! எழுதியவர்கள் பெரும்பாலும் லயத்துப் பிள்ளைகள். ஒரு மகனைக் கூப்பிட்டு, “உங்க வீட்டு வரவேற்பறை எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“இஸ்தோப்புன்னு எழுதினா டவுன் புள்ளைங்க சிரிப்பாங்க சேர்.”

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். காம்பரா போர்த்துக்கேயருடையது. லயமும் பெரட்டும் துரைமாரின் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. 1820களிலிருந்து கோப்பிக்காக வந்தவர்களும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட பிறகு வந்தவர்களும், இங்கே கிடைத்த சொற்களைத் தங்கள் ஊர்த் தமிழோடு சேர்த்துக்கொண்டார்கள். பரீட்சையில் அலுமாரி, மேசை, கதிரை என்று எழுதினால் யாராவது சிவப்புக் கோடு போடுகிறார்களா? மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள்தான்.

எங்கள் வீட்டில் வாப்பா, உம்மா, ராத்தா. பள்ளிக்கூடக் கட்டுரையில் அப்பா, அம்மா, அக்கா. அப்படித்தான் நானும் படித்து வந்தேன். அதனால் அந்த மகன் சொன்னது உடனே விளங்கியது.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் காசு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மழையில் இடுப்பில் படங்கு கட்டி, மட்டக்கம்பு பார்த்து நாள் முழுக்க நின்ற தாய், பின்னேரம் வந்து “இன்னைக்கு அரைப்பேர்தான்” என்கிறாள். இதற்குப் பதிலாகப் பாதிச் சம்பளம் என்று எழுதச் சொல்ல எனக்கு மனம் வராது.

லயத்தின்மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை, இஸ்தோப்பு மூலையில் அடுப்பு, கூரையெல்லாம் புகை. அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே பிள்ளை எழும்பும். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் எல்லோருக்கும் சீக்கிரம் கிடைக்க வேண்டும். ஆனால் லயத்தோடு சேர்த்து லயத்துப் பேச்சையும் ஏன் கழற்றிப் போட வேண்டும்? மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாடல்களைச் சேர்த்து நூலாக்கினார். சொற்களுக்கும் அப்படி ஒரு வேலை நடக்க வேண்டும்.

நான் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். மலையில் கொழுந்து எடுக்கும்போது பேசும் சொற்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. பெக்டரிக்குள் புழங்குபவைதான் குறைவு. கொழுந்து வாட்டும் மாடியிலும் ரோலர் பக்கத்திலும் வேலை செய்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.