நாணின் ஓசை

நாண் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வில்லில் பூட்டும் கயிறு ஒன்று. தகாதது செய்ய உள்ளம் கூசும் வெட்கம் மற்றொன்று. 30 ஆண்டுகளாக மாணவர்க்கு இதைச் சொல்லி வந்த நான், இவ்விரண்டும் ஒரே மாலைப் பொழுதில் என் கைக்கு வந்து சேரும் என்று எண்ணியதில்லை.

என் இளைய மகனுக்கு வயது 17. சேர்த்து வைத்த பணத்தில் பழைய முறைப்படி அமைந்த மரவில் ஒன்றை வாங்கினான். குறிபார்க்கும் கருவியோ, உருளையோ இல்லாத எளிய வில். அஸர் தொழுகைக்குப் பின், தா.பழூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், இறுகக் கட்டிய வைக்கோற் கட்டுகளை இலக்காக வைத்து எய்து பழகுவான். நானும் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து மகிழ்வேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மருமகள் வாசலுக்கு வந்து நின்றார். “அசரத்து, தம்பியைக் குறை சொல்லலைங்க. கொல்லைப் பக்கத்து சன்னல் ஓரமாத்தான் அத்தை படுத்திருக்காங்க. ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போடுது” என்றார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் பெரியம்மாவுக்கு 80 வயதுக்கு மேலாகிறது. எங்கள் நோன்புக் கஞ்சி அவ்வீட்டுக்கும், அவ்வீட்டுப் பொங்கல் எங்களுக்கும் தவறாமல் வந்து போகும். எனக்குத் தலை குனிந்தது.

“வில்லைப் பரண்மேல் போடு” என்றேன் மகனிடம். அவன் சற்று நேரம் பேசாதிருந்து, “அத்தா, அம்பெய்யக் கற்றபின் அதைக் கைவிடுவது பற்றி நீங்கள்தானே பாடம் சொன்னீர்கள்?” என்று மெல்லக் கேட்டான். உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் அந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கற்று விட்டவரை அது கடுமையாகவே கண்டிக்கிறது. ஆனால், அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் நபிமொழிகளும் அதே நூலில்தானே உள்ளன! ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடலாகாது. அப்படியானால் அடக்க வேண்டியது வில்லை அன்று, அதன் ஓசையைத்தான்.

நம் காவியங்களில் நாணொலி வீரனுக்குப் பெருமை. நெல்லை, குமரிப் பகுதிகளிலோ வில்லே இசைக்கருவியாகி, வில்லுப்பாட்டாக ஒலிக்கிறது. அரபியிலும் வில்லின் நாணுக்கும் ‘ஊத்’ என்னும் இசைக்கருவியின் நரம்புக்கும் ‘வதர்’ என்ற ஒரே சொல்தான். ஆயின், அம்பெய்பவனுக்கு அவ்வோசை வீண் செலவு. வளைந்த வில்லில் தேங்கிய ஆற்றலில் அம்பு கொண்டு போனது போக எஞ்சியதே வில்லையும் நாணையும் அதிரச் செய்கிறது. அவ்வதிர்வையே நாம் கேட்கிறோம். வேட்டைக்குச் செல்வோர்க்கு இதனால் இன்னொரு தொல்லையும் உண்டு: அம்பைவிட ஒலி விரைந்து செல்வதால், அம்பு சேருமுன் மான் துள்ளி விலகி விடும். ஆகவே அவர்கள் நாணில் ரப்பர்ப் பட்டைகளையோ, கம்பளி நூலையோ, மென்மயிர்த் தோலையோ கட்டுவார்கள். மோட்டார் வண்டிக்குச் சைலன்சர் போல, நாணுக்கு இது.

மகன் இதனை அறிந்திருந்தான். முதலில் நாணைக் கழற்றிச் சில முறுக்கு ஏற்றினான். முறுக்கினால் நாண் சற்றுக் குறுகும். வில்லின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி கூடும். இடைவெளி போதாவிட்டால் ஓசை மிகும் என்றான். பாதி இரைச்சல் அதிலேயே அடங்கியது. பின்னர் பழைய சைக்கிள் டியூப்பை மெல்லிய பட்டைகளாக நறுக்கினோம். நாணின் இழைகளை இரு கூறாக விரித்து, இடையே பட்டைகளை நுழைத்து, நூலால் இறுகக் கட்டினோம். மேல் நுனியிலிருந்து கால் பங்கு தொலைவில் ஒன்று. கீழ் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் மற்றொன்று. நாண் பல கூறுகளாக அதிரும்போது சில இடங்கள் அசையாமல் நிற்கும். அசையாத இடத்தில் கட்டிய ரப்பர் அந்த அதிர்வைத் தணிக்காது. இரண்டையும் வெவ்வேறு பங்கில் வைத்தால், ஒன்று விட்டதை மற்றொன்று பிடித்துக் கொள்ளும்.

ஓசை அடங்கியது. ஆனால் அம்பு குறிக்கு ஒரு சாண் கீழே தைத்தது. பட்டைகள் நான்கு விரற்கடை நீளம் இருந்தன. அந்தச் சுமை நாணின் வேகத்தைக் குறைத்து விட்டது. எல்லாவற்றையும் ஒரே அளவாக, சிறிது சிறிதாக நறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மகன் உளூச் செய்யப் போனான். நான் பொறுக்கவில்லை. சவர பிளேடை எடுத்து, நாணிலிருந்தபடியே பட்டையைச் சீவினேன். 14 இழைகளில் ஒன்று அறுந்து பஞ்சாய்ப் பிரிந்தது.

யாரும் பார்க்கவில்லை. மெழுகை அழுத்தித் தடவினேன். அறுந்தது மறைந்து விட்டது. மகன் வந்து ஆவலோடு வில்லைத் தொடும்போது மஃரிப் பாங்கு ஒலித்தது. “நாளைக்குப் பார்ப்போம்” என்றேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. முழுதும் இழுத்த நிலையில் நாண் அறுந்தால் வில் பிளந்து சிதறலாம். அறுந்த நாண் முகத்தில் அடிக்கலாம். கண் போனால் என் செய்வது? ஓர் இழைதானே என்று மனம் சமாதானம் சொல்லியது. எழுத்துப் பிழையை மை கொட்டி மறைத்த மாணவர்களை எத்தனை முறை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

சுபுஹுக்குப் பின் மகனை அழைத்து உள்ளதைச் சொன்னேன். அவன் மெழுகைச் சுரண்டிப் பார்த்தான். கோபிக்கவில்லை. “பட்டையை நாணிலிருந்து விலக்கி இழுத்துப் பிடித்துக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும், அத்தா. பிளேடு கூடாது” என்று மட்டும் சொல்லி, நாணைக் கழற்றி எறிந்தான். தவறு செய்தவனிடம் அப்படிப் பேசலாம் என்பதை என் வகுப்பறையில் நான் கற்றிருக்கவில்லை.

புதிய நாண் அஞ்சலில் வந்து சேரப் பத்து நாள் ஆயிற்று. அதுவரை வில் பரணில் இருந்தது. என் ஆணையால் அன்று, என் அவசரத்தால். இம்முறை கத்தரிக்கோல் மகன் கையில். பட்டையை இழுத்துப் பிடிக்கும் வேலை மட்டும் எனக்கு. இரண்டு விரற்கடை அளவில் நிறுத்தினோம். வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாதல்லவா! அம்பு பழைய குறிக்கு வெகு அருகில் திரும்பியது.

மாலையில் அவன் எய்து கொண்டிருக்க, நான் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவின் கட்டிலருகே அமர்ந்தேன். கொல்லையிலிருந்து துணி உதறுவது போன்ற மெல்லிய ஒலி வந்தது. “தம்பி இப்பல்லாம் வில்லை எடுக்கிறதில்லையா?” என்று கேட்டார். “எடுக்கிறான், பெரியம்மா. இப்போதும் எய்து கொண்டுதான் இருக்கிறான்” என்றேன். அவர் சன்னல் பக்கம் காதைத் திருப்பிச் சற்று நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

வெயிலில் ரப்பர் நாளடைவில் வெடித்து உதிரும். அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். நாணையும் இழை இழையாகத் தடவிப் பார்க்க வேண்டும். வெள்ளிதோறும் அந்த வேலை இப்போது என்னுடையது.