மவுசுக்கு மறுபிறவி

காலையில மவுசைப் பிடுங்கி பக்கத்து யூஎஸ்பி ஓட்டையில சொருகினேன்.
அவ்ளோதான்.
புது சாதனம் வந்திருக்கு, அமைச்சிட்டிருக்கேன்னு விண்டோஸ் சொல்லுது.

அடேய், நாலு வருஷமா இதே மவுசுதான்டா!

அவசர வேலை ஒண்ணு இருந்துச்சு. அதனால உக்காந்து இதை நோண்டினேன்.

சீரியல் நம்பர் இல்லாத சாதனத்தை, எந்த ஓட்டையில இருக்குன்னு வச்சுத்தான் விண்டோஸ் அடையாளம் பாக்குதாம்.
ஓட்டை மாறினா ஆளே புதுசு.

இதெல்லாம் பதிவாகுற இடம் ரெஜிஸ்ட்ரி. அதுல 'ஹார்டுவேர்'னு ஒரு கிளை இருக்கு. பேரைப் பாத்து எல்லாம் இங்கதான் இருக்கும்னு நெனச்சேன்.
அது டிஸ்க்குக்கே போறதில்ல! ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் மெமரியில புதுசா கட்டுறது, ஆஃப் பண்ணா காணாமப் போறது.
(பரீட்சைக்கு முந்தின ராத்திரி நான் படிச்ச மாதிரி.)

நிலைச்சு நிக்கிறது 'சிஸ்டம்' கிளை. அது டிஸ்க்ல கோப்பா இருக்கு. எப்பவோ ஒரு தடவை சொருகினதுகூட அதுல கிடக்கும்.

டிவைஸ் மேனேஜர்ல மறைஞ்சிருக்கறதையும் காட்டுன்னு ஒரு வசதி இருக்கு. சொடுக்கினேன்.
மங்கலா வரிசை கட்டி நின்னுச்சு.
தொலைஞ்சுபோன பென்டிரைவ்.
செத்துப்போன பிரிண்டர்.
ஒருநாள் சார்ஜ் போட வந்த நண்பனோட போன்.

அவன்கிட்ட பேசி மூணு வருஷமாச்சு.

வலது கிளிக் பண்ணா 'நீக்கு'ன்னு கேக்குது.
நீங்களா இருந்தா அழிப்பீங்களா?