இருவர் பாட வேண்டிய பாட்டு

ஜப்பான் நாட்டின் கோபே நகரில், இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பத்து மாதப் பயிற்சிக்காக 1983ஆம் ஆண்டில் நான் தங்கியிருந்தேன். டிசம்பர் மாதம் வந்ததும் எங்கள் பிரிவினர் அனைவரும் கூடி விருந்துண்டோம். ஆண்டு முடிவில் அலுவலகந்தோறும் இத்தகைய விருந்து நடத்துவது அந்நாட்டு வழக்கம். கழிந்த ஆண்டை மறப்பதற்கான கூட்டம் என்பதே அதன் பெயருக்குப் பொருள். உண்டு முடித்தபின் வீடு திரும்பலாம் என்று எண்ணினேன். ஆனால் எங்கள் பிரிவுத் தலைவர் எல்லாரையும் சன்னோமியா பகுதியில் இருந்த ஒரு சிறு மதுக்கடைக்கு அழைத்துச் சென்றார்.

பத்துப் பேர் அமர்ந்தால் நிறைந்துவிடும் கடை அது. அதை நடத்திய அம்மையாரை எல்லாரும் 'மாமா' என்று விளித்ததைக் கேட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்நாட்டில் அச்சொல் தாயைக் குறிப்பது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மூலையில் ஓர் ஒலிநாடாப் பெட்டி இருந்தது. காசைப் போட்டால் வாத்தியங்கள் மட்டும் முழங்கும். பாட வேண்டியவர் நாம். கரோக்கே என்ற சொல்லுக்கு 'வெறுமையான வாத்தியக் குழு' என்று பொருள். மதுக்கடைகளில் வாத்தியம் இசைத்துப் பிழைத்துவந்த இனோவே தாய்சுகே என்பவர், 1971இல் இதே கோபே நகரில்தான் இத்தகைய பெட்டிகளை அமைத்து வாடகைக்கு விட்டார். அவர் காப்புரிமை பெறாததால் பெருஞ்செல்வம் எதுவும் அவரை வந்தடையவில்லை. டோக்கியோவில் நெகிஷி ஷிகேய்ச்சி என்பவர் 1967இலேயே இதை ஒத்த கருவி ஒன்றைச் செய்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

அன்றிரவு தலைவர் இரண்டு ஒலிவாங்கிகளைக் கேட்டு வாங்கினார். ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு, மற்றதைக் கணக்கு எழுதும் 22 வயதுப் பெண்ணிடம் நீட்டினார். அவர் தலைகுனிந்து மறுத்தார். நாங்கள் கைதட்டினோம். மீண்டும் மறுத்தார், மேலும் பலமாகத் தட்டினோம். அவ்வொலியில் உரத்து ஒலித்தவை என் கைகளே என்று இன்று நினைக்கிறேன். அவர் எழுந்து பாடினார். பாட்டு, 'கின்சாவின் காதல் கதை'. திரைநடிகர் இஷிஹாரா யூஜிரோவும் மகிமுரா ஜுன்கோ என்ற பாடகியும் 1961இல் பாடியது. ஆணும் பெண்ணும் கலந்து பாடும் பாட்டு எது என்று எந்த ஜப்பானியரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார் என்று நண்பர் ஒருவர் என் காதில் ஓதினார்.

எனக்கு அது பெருவியப்பாக இருந்தது. நம் ஊரில் ஜோடிப் பாட்டு என்பது வெள்ளித்திரையில் மரத்தைச் சுற்றி ஓடுவோருக்கு உரியது. அவர்களுக்கும் குரல் கொடுப்பவர் வேறொருவர். இங்கோ, பகலெல்லாம் கணக்கும் கடிதமுமாய் இருந்தவர்கள் மனம் உருகக் காதல் பாடுகிறார்கள்!

அதன்பின் பல இரவுகள் அக்கடைக்குச் சென்று அப்பாட்டுகளின் பொருளைக் கேட்டறிந்தேன். 1979இல் வெளிவந்த 'பிரிந்தாலும் விருப்பமானவர்' என்ற பாட்டில், முன்பு பிரிந்துபோன இருவர் தற்செயலாகச் சந்தித்து டோக்கியோவின் பழகிய தெருக்களில் மழையில் நடக்கிறார்கள். 1982இன் 'மதுக்கடை'யில், ஒருவரையொருவர் அறியாத இருவர் பெயரும் கேளாமல் ஒரு கோப்பை அருந்துகிறார்கள். அதே ஆண்டில் வந்த 'மூன்றாம் ஆண்டின் சபலம்' ஒரு வேடிக்கைப் பாட்டு. தடம் மாறிய கணவன், பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்ச, மனைவி அவனை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். அதைப் பாடும்போது பெண்களின் குரலில் தனி உற்சாகம் தென்படும். எனக்கு மிகவும் பிடித்தது 1983இல் வந்த 'நானிவா கொய் ஷிகுரே'. ஒசாகா நகரின் புகழ்பெற்ற கதைசொல்லியான கட்சுரா ஹருதஞ்சியையும் அவருடைய மனைவியையும் பற்றியது. கலைக்காக எதையும் பலியிடத் துணிந்த கணவனும், அத்தனையையும் தாங்கும் மனைவியும் பாட்டுக்கு நடுவே வசனமும் பேசுவார்கள். அத்துணைப் பொறுமை நல்லதுதானா என்று எனக்கு அன்றே ஓர் ஐயம் எழுந்ததுண்டு; ஆயினும் மியாகோ ஹருமியின் குரல் அவ்வையத்தை அடித்துச் சென்றுவிடும்.

விருந்து நடந்த இரவுக்குத் திரும்புகிறேன். இரயில் நிலையம்வரை அந்தப் பெண்ணும் நானும் ஒரே வழியாக நடந்தோம். "மிக நன்றாகப் பாடினீர்கள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மறுத்திருந்தால் நாளைக் காலையில் அலுவலகத்தில் எல்லாருக்கும் முகம் கோணியிருக்கும்" என்றார். இன்னும் சில அடிகள் நடந்தபின், "என்னை மணக்கப் போகிறவருடன் பாட வேண்டும் என்று வைத்திருந்த பாட்டு அது" என்றார். இரயில் வந்தது. குனிந்து வணங்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

என் கைகள் அப்போது எனக்குக் கனத்தன.

1999ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜப்பான் அரசு ஊழியர்களுக்கு நடைமுறைக்கு வந்த பாலியல் தொல்லைத் தடுப்பு விதிகளின் விளக்கத்தில், கரோக்கேயில் ஜோடிப் பாட்டுப் பாடும்படி வற்புறுத்துவதும் குற்றமான நடத்தைக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது. அச்செய்தியை அறிந்தபோது அந்த இரயில் நிலையம்தான் என் கண்முன் நின்றது.

தலைவரைக் கொடியவர் என்று எண்ணிவிட வேண்டாம். புத்தாண்டில் என்னைத் தம் இல்லத்துக்கு அழைத்து அன்புடன் உபசரித்தார். ஆனால் அங்கே அவர் பாடவில்லை, பேசவுமில்லை. 'குளியல், சோறு, உறக்கம்' என்ற மூன்று சொற்களே ஜப்பானியக் கணவன் வீட்டில் பேசுபவை என்று அந்நாட்டார் தம்மையே கேலி செய்துகொள்வதுண்டு. அவருடைய மனைவியார் வாய்திறவாமல் பரிமாறிக்கொண்டிருந்தார். அலுவலகப் பெண்ணிடம் அத்தனை இனிமையாகப் பாடிய குரலை இந்த அம்மையார் ஒருமுறையேனும் கேட்டிருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன். உடனே, ஊரில் இருந்த என் மனைவிக்கு நான் எழுதிய கடிதங்கள் நினைவுக்கு வந்தன. பணம் கிடைத்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் நின்றதா, கூரை ஒழுகுகிறதா? அவற்றில் நான்காவது செய்தி ஒன்றிருந்ததாக எனக்கு நினைவில்லை.

2012இல் நானும் என் மனைவியும் ஒசாகாவில் வாழும் மகளைக் காணச் சென்றிருந்தோம். கோபேக்கும் போனோம். 1995இன் நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரமே மாறியிருந்தது. அந்தச் சிறுகடை இருந்த சந்தையே என்னால் அடையாளம் காண இயலவில்லை. தலைவர் ஓய்வு பெற்று, எழுபது வயதைக் கடந்து, கைத்தடி ஊன்றி வந்தார். உடன் அவருடைய மனைவியார். எங்களை அவர்கள் கரோக்கே அறை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். பகல் வேளை, கதவடைத்த சிறு அறை, வெளியார் எவரும் இல்லை.

அம்மையாரே பாட்டைத் தேர்ந்தார். அதே கின்சா பாட்டு. திரையில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், சேர்ந்து பாடும் இடத்துக்கு வேறு நிறம் என எழுத்துகள் ஓடின. பொத்தானை அழுத்திச் சுருதியைச் சற்றுத் தாழ்த்தினார். முதியவரின் குரல் எட்ட வேண்டுமே! தலைவர் முதலடியில் பின்தங்கினார். இரண்டாவதில் நின்றேபோனார். எழுத்து ஓடும் வேகத்துக்கு அவருடைய கண்கள் ஈடுகொடுக்கவில்லை. அம்மையார் திரையைப் பார்க்காமலே கணவரின் அடியையும் தாமே பாடி, சேர்ந்து பாடும் இடத்தில் அவருடைய முழங்கையைத் தொட்டார். அவர் சரியாக நுழைந்தார். இந்த அம்மையார் அப்பாட்டை எப்போது, எங்கே, யாருடன் பாடிக் கற்றார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

என் மனைவி என் காதருகே குனிந்து, "என்ன பாடுறாங்க?" என்றாள். பொருளைச் சொன்னேன். அவள் பேசாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் இருந்த தொலைபேசி ஒலித்தது. நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கிறது என்று கடைக்காரர் அறிவிக்கும் அழைப்பு அது. தலைவர் எழுந்திருக்கக் கைத்தடியைத் தேடினார். அம்மையார் அவரை அமரச் சொல்லிவிட்டு, தாமே சென்று கருவியை எடுத்து, இன்னும் அரைமணி நேரம் வேண்டும் என்றார்.